ரேடியோ திறந்த அன்னிக்கு

எங்கள் பெரியப்பாவுக்குப் பிறந்த நாள் இரண்டு. பள்ளிக்கூடம் கொடுத்தது 1938 ஜூன் 1. அப்பாயி கொடுத்தது, "திருச்சி ரேடியோ திறந்த அன்னிக்கு."

முதலாவதை வீட்டில் யாரும் நம்பியதில்லை. அந்தக் காலத்துப் பதிவேட்டைப் புரட்டினால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஜூன் முதல் தேதிதான் பிறந்திருப்பார்கள். பையனை நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார் வாத்தியார். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது என்று கணக்கு. பெரியப்பாவுக்குக் கை கொஞ்சம் நீளம்.

இரண்டாவதை எல்லோரும் நம்பினோம். ஆனால் அது என்ன தேதி என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. போன வருஷம் அவருடைய கொள்ளுப்பேத்தி கேக் வெட்ட வேண்டும் என்று அடம்பிடித்தாள். எந்தத் தேதியில் வெட்டுவது? வீட்டில் எழுத்து வேலை பார்ப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் கண்டுபிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஊர் செட்டிகுளம். சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரில் இறங்கி உள்ளே போக வேண்டும். கீழே ஏகாம்பரேசுவரர், மலை மேல் கையில் கரும்போடு தண்டாயுதபாணி. வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் சின்ன வெங்காயம் என்றால்தான் தெரியும். இன்றைக்குப் பெரம்பலூர் மாவட்டம். 1995 வரை திருச்சி. அதனால் எங்களுக்குக் கோர்ட்டும் ஆஸ்பத்திரியும் போல ரேடியோவும் திருச்சிதான்.

அப்பாயி இப்போது இல்லை. மிச்சமிருக்கும் ஞாபகம் முழுக்க அத்தையிடம் இருக்கிறது. பட்டறையில் வெங்காயத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "செவ்வாக்கெழம பொறந்தான். அதான் மலைமேல இருக்கவரு பேரையே வச்சாங்க. ராத்திரி கும்மிருட்டாம். அமாவாசைக்கு ரெண்டு மூணு நாளுதான் இருந்துச்சுன்னு அம்மா சொல்லும்."

செவ்வாய், தேய்பிறைக் கடைசி, ரேடியோ. கையில் இருந்தது இவ்வளவுதான்.

தேடப் போனதும் வசமாக ஏமாந்தேன். ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் தொடங்கியது 1938 ஜூன் 16. பள்ளிச் சான்றிதழில் இருப்பது 1938 ஜூன் 1. பதினைந்து நாள்தான் வித்தியாசம்! வாத்தியார் கிட்டத்தட்டச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், அப்பாயி சென்னை ரேடியோவைத் திருச்சி ரேடியோ என்று மாற்றிச் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டி, அத்தைக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டேன். அன்றிரவு கிழமையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வியாழக்கிழமை. அதோடு பௌர்ணமி கழிந்து மூன்று நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஊரே நிலா வெளிச்சத்தில் கிடந்திருக்கும். கும்மிருட்டுக்கு வழியே இல்லை.

அப்பாயியைச் சந்தேகப்பட்டது என் தப்பு. திருச்சி என்றால் திருச்சியேதான். அந்த நிலையம் 1939 மே 16-இல் தொடங்கியது.

இங்கே கொஞ்சம் தடம் மாறிப் போனேன். மே 16 என்ற தேதியைப் பிடித்துக்கொண்டு தேடினால் அதே தேதி இன்னொரு இடத்திலும் கிடைத்தது. 1924 மே 16. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கிய நாள். அரசாங்கம் இல்லை, கம்பெனி இல்லை, ஆர்வக்காரர்களின் சங்கம். அந்த வருஷம் ஜூலை 31 முதல் ஒலிபரப்பத் தொடங்கினார்கள். டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். நம் வீட்டுக் கூடத்தில் ஒரு குண்டு பல்பு எரிய ஆகும் மின்சாரம்! அதில்தான் சென்னைக்காரர்கள் சிலர் சாயங்காலங்களில் பாட்டும் பேச்சும் கேட்டார்கள். மூன்று வருஷத்தில் பணம் தீர்ந்து, 1927-இல் கிளப் மூடப்பட்டது. கருவி மாநகராட்சியின் கைக்குப் போயிற்று. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தானே ரேடியோ நடத்தியது. வீட்டில் பெட்டி இல்லாதவர்களும் கேட்க மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். தெருக்கூத்துக்குப் பாய் போட்டு உட்கார்ந்த ஜனங்களுக்கு இது புது வழக்கமே அல்ல. பிறகு 1938-இல் ஆல் இந்தியா ரேடியோ வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

பதினைந்து வருஷ இடைவெளியில் ஒரே தேதி. யாரோ நினைத்துப் பார்த்துக் குறித்த நாளோ என்று ஆசையாக இருந்தது. அந்த ஆசையையும் கைவிட்டேன். ஏனென்றால் ரேடியோக்காரர்களுக்குப் பதினாறாம் தேதி என்றாலே ஒரு பிரியம் போலிருக்கிறது. கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16. சென்னை ஜூன் 16. திருச்சிக்குப் பின் டாக்கா, 1939 டிசம்பர் 16. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று லண்டனிலிருந்து வந்த லயனல் பீல்டனுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களோ என்னவோ. அவர்தான் அப்போது ஆல் இந்தியா ரேடியோவின் தலைவர்.

திரும்ப நம் கதைக்கு. 1939 மே 16 செவ்வாய்க்கிழமை. பெரம்பலூரில் ஒரு ஜோசியர் வீட்டில் பழைய பஞ்சாங்கங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பிரமாதி வருஷம், வைகாசி தொடக்கம். தேய்பிறை. அதே வாரக் கடைசியில் அமாவாசை. ஜோசியருக்கு நான் ஏன் சிரிக்கிறேன் என்று புரியவில்லை. பெண் பார்க்க வந்தவன் என்று நினைத்திருப்பார்.

மூன்றும் பொருந்திவிட்டன. ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. ராஜாஜி மாகாணப் பிரதமராக இருந்த காலம் அது. செட்டிகுளத்தில் கரண்டே கிடையாது. மானாவாரிக் காட்டில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கு, அன்றைக்குத் திருச்சியில் ரேடியோ திறந்தார்கள் என்று எப்படித் தெரியும்?

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உனக்குத் தெரியாதா? உங்க தாத்தா வண்டி கட்டிக்கிட்டுத் திருச்சி சந்தைக்குப் போயிருந்தாரு. இங்க வலி எடுத்துருச்சு. மறுநா வந்துருவேன்னு சொன்னவரு மூணு நாளு கழிச்சு வர்றாரு. என்னய்யான்னு கேட்டா, பெரிய கடை வீதியில ஒரு பெட்டி பாடுச்சு, கூட்டத்தோட நின்னு கேட்டேங்கிறாரு. பிள்ளைய அப்புறம்தான் பாத்தாரு. அம்மாவுக்குச் சாகுற வரைக்கும் ஆறல. சண்ட வந்தா அதத்தான் எடுக்கும். ரேடியோ திறந்த அன்னிக்குப் பொறந்த பிள்ளைன்னு."

நாங்கள் மூன்று தலைமுறையாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த வாக்கியம் ஒரு குத்தல் பேச்சு.

தாத்தாவின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அத்தையிடம் சொல்லவில்லை. ஆள் இல்லாத இடத்திலிருந்து நாகசுரமும் பேச்சும் கேட்டால் மாட்டை அவிழ்த்துவிட்டு நிற்காதவன் யார்? மூன்றரை மாதத்தில் உலகப் போர் மூண்டு, பெட்டி இருக்கும் கடை வாசலெல்லாம் சேதி கேட்கும் கூட்டம் நின்றது. சுதந்திரம் வந்தபோது இந்தியாவின் பங்குக்கு வந்த நிலையங்களே ஆறுதான்: டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ, திருச்சி. ஆறில் இரண்டு தமிழ் பேசின. அவற்றில் ஒன்று எங்கள் ஊரிலிருந்து மாட்டு வண்டி போய்த் திரும்பும் தூரத்தில் இருந்தது.

ஊருக்குள் ரேடியோ வந்தது பஞ்சாயத்து ரேடியோவாக. எனக்குத் தெரிந்த ரேடியோவும் அதுதான். பூட்டிய அறைக்குள் பெட்டி, கூரை மேல் குழாய். சாயங்காலம் பஞ்சாயத்து ஆள் வந்து திருகுவார். செய்தி, உழவர் நிகழ்ச்சி, முடிந்தது. பாட்டு வரும் நேரத்தில் பூட்டிவிட்டுப் போய்விடுவார். காவிரிப் பக்கத்து உழவர்கள் அந்த நிகழ்ச்சிகளைக் கேட்டு ஆடுதுறை 27 ரகத்தைப் பயிரிட்டு, அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் கரிசலுக்கு அது ஆகவில்லை. நெல்லுக்கு இத்தனை பேசுகிறவன் வெங்காயத்துக்கு ஒரு வார்த்தை சொல்கிறானா என்று தாத்தா குழாயைப் பார்த்துக் கேட்பார்.

பாட்டுக்கு நாங்கள் நம்பியது இலங்கையை. வீட்டில் டிரான்சிஸ்டர் வந்த பிறகு, தபால் ஆபீசில் லைசன்ஸ் பணம் கட்டினது ஒன்றுதான் இந்திய அரசுக்கு. காது முழுக்கக் கொழும்புக்கு. ஒருநாள் பாட்டை விரும்பிக் கேட்டவர்கள் பட்டியலில் "செட்டிகுளம்" என்றார் அறிவிப்பாளர். தெருவே எழுந்து நின்றது. யார் கடிதம் போட்டது என்று இரண்டு நாள் விசாரணை நடந்தது. மேலத்தெருக்காரன் நான்தான் என்றான், கீழத்தெருக்காரனும் நான்தான் என்றான். அடிதடி வரை போனது. வவுனியாப் பக்கத்திலும் ஒரு செட்டிகுளம் இருக்கிறது என்று பெரியப்பா அட்லஸைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.

அந்தப் பெரியப்பாவிடம்தான் இந்த மே மாதம் கேக்கோடு போனோம். கிழமை, திதி, நிலையம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, "உங்க பொறந்த நாள் 1939 மே 16, பெரியப்பா" என்றேன். நன்றாகக் காது கேட்கும் அவருக்கு. அரசாங்க ஆபீசில் எழுத்தராக இருந்தவர்; கணக்கில் புலி. விரலை மடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"ஜூன் ஒண்ணுன்னு எழுதினதால 96 மே முப்பத்தொண்ணு சாயங்காலம் மாலை போட்டு அனுப்பிட்டான். நீ சொல்றபடி பாத்தா 97 மே வரைக்கும் எனக்கு சர்வீஸ் இருந்திருக்கு."

"ஆமா, பெரியப்பா."

"ஒரு வருசச் சம்பளம், ஒரு இன்க்ரிமென்ட். அதோட பென்ஷன்லயும் வித்தியாசம் வரும்டா." கொள்ளுப்பேத்தி நீட்டிய கத்தியை வாங்காமல் என்னைப் பார்த்தார். "இத முப்பது வருசத்துக்கு முன்னாடி தேடியிருக்கக் கூடாதா நீ?"