பால்மரக் காட்டுக்குள் பந்தயத் தடம்

கெடா என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கடாரம். ராஜேந்திர சோழன், பூஜாங் பள்ளத்தாக்கு, மெர்போக் அருங்காட்சியகம். அடுத்து வருவது தோட்டம். கூலிம், பாடாங் செராய், சுங்கைப் பட்டாணி, பீடோங் என எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் தாத்தா பாட்டிமார் விடியலில் பிரட்டுக்கு நின்று, பால் வெட்டி, மங்கு தூக்கிய மண். இந்த வாரம் கெடாவின் மூன்றாவது முகத்தைப் பார்ப்போம். கார்களும் மோட்டார் சைக்கிள்களும் உருவாகும் கெடா அது.

பட்டர்வொர்த்தில் நெடுஞ்சாலை ஏறினால் சிறிது நேரத்தில் கூலிம். 1996இல் திறக்கப்பட்ட உயர் தொழில்நுட்பப் பூங்கா இந்த ஊரின் தலையெழுத்தையே மாற்றியது. அங்கிருந்து பாடாங் செராய் பக்கம் போனால் பாடாங் மேஹா. செம்பனையும் பால்மரமும் பார்த்துப் பழகிய அந்த வட்டாரத்தில்தான் இனோகோம் கார் தொழிற்சாலை இருக்கிறது. பிஎம்டபிள்யூ கார்கள் இங்கே பொருத்தப்படுகின்றன. 2022இல் போர்ஷே கயேன் காரும் வந்து சேர்ந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே போர்ஷே பொருத்தப்பட்ட முதல் இடம் நம் கெடாதான்!

பிஎம்டபிள்யூ என்றால் பலருக்கும் பணக்காரர் வீட்டு வாகனம். பந்தய ரசிகர்களைக் கேட்டால் இன்னொரு பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள்: ரொபெர்ட்டோ ரவாலியா. 1957இல் இத்தாலியின் வெனிஸில் பிறந்தவர். அவர் ஓட்டியது ஃபார்முலா ஒன் போன்ற ஒற்றை இருக்கை வண்டி அல்ல. டூரிங் கார் எனப்படும், கடையில் விற்கும் காரை அடிப்படையாகக் கொண்ட பந்தய வண்டி. அன்றைய விதிப்படி, பன்னிரண்டு மாதங்களில் 5,000 கார்களைத் தயாரித்தால்தான் அந்த மாடல் களத்தில் இறங்க முடியும். பிஎம்டபிள்யூவின் புகழ்பெற்ற எம்3 அப்படிப் பிறந்ததுதான்.

1987இல் முதல் உலக டூரிங் கார் போட்டித் தொடர் இத்தாலியின் மோன்சாவில் தொடங்கியது. முதல் ஆறு இடங்களில் வந்த எம்3 கார்கள் அத்தனையும் தகுதி நீக்கம் செய்யப்பட்டன. அனுமதித்ததைவிட மெல்லிய தகடு பயன்படுத்தியதுதான் குற்றம். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்டில், முன்னணியில் வந்த ஃபோர்டு கார்கள் சக்கரத்தின் மேல் வளைவை மாற்றியதற்காக நீக்கப்பட்டன. கடைசியில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ரவாலியா உலக வெற்றியாளர் ஆனார். 1986, 1988இல் ஐரோப்பியப் பட்டம், 1989இல் ஜெர்மனியின் பட்டம், பிறகு சொந்த நாட்டில் மூன்று பட்டங்கள் என்று அவர் கணக்கு நீண்டது.

ஓட்டுவதை நிறுத்திய பிறகு அணி நடத்தினார். 2001இல் ஜெர்மனியில் நடந்த விபத்தில் இரு கால்களையும் இழந்த அலெக்ஸ் சனார்டி, அவருக்கேற்ப மாற்றியமைத்த பிஎம்டபிள்யூ காரில் ரவாலியாவின் அணிக்காக ஓட்டி, 2005இல் ஓஷர்ஸ்லேபனில் உலகச் சுற்று ஒன்றை வென்றார். கண் கலங்க வைத்த வெற்றி அது.

இனி வடக்கே போவோம். சுங்கைப் பட்டாணியைத் தாண்டி, பீடோங் கடந்தால் ஜெராய் மலை கூடவே வரும். உயரம் 1,217 மீட்டர். அதன் அடிவாரத்துப் பக்கம் குரூண். மோடனாஸ் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இங்கேதான். 1996இல் வந்த கிரிஸ், தோட்டத்து இளைஞர்கள் பலருக்கும் பழக்கமான வண்டி. மறு ஆண்டே மோடனாஸ் பெயர் 500 சிசி உலகப் பந்தயத்தில் ஏறியது. மூன்று முறை உலக வெற்றியாளரான அமெரிக்கர் கென்னி ராபர்ட்ஸின் அணி இங்கிலாந்தில் கட்டிய வண்டி அது. குரூணின் பெயர் உலகம் சுற்றியது. வண்டியைக் கட்டிய கைகள் மட்டும் நம்முடையவை அல்ல. ஒரு பந்தயத்திலும் அது வெல்லவும் இல்லை.

அந்தக் கைகள் நம்முடையவையாக வேண்டாமா என்பதுதான் குரூணில் நின்றால் எழும் கேள்வி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, பிள்ளைகள் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்குக் காலே மோட்டார்தான். எஞ்சினைப் பிரித்து மாட்டும் கெட்டிக்காரர்கள் நம்மில் ஏராளம். அந்தத் திறமை சான்றிதழாக மாறாமல், நள்ளிரவுச் சாலைப் பந்தயத்தில் கரைந்து போவதையும் பார்க்கிறோம். சில வீடுகளில் மாலை போட்ட படமாக முடிவதையும் பார்க்கிறோம். ரவாலியாவும் வேகப் பிரியர்தான். ஆனால் தகட்டின் கனம் வரை அளந்து பார்க்கும் நடுவர்கள் இருந்த களத்தில் ஓட்டினார். தலைக்கவசம், இருக்கைப் பட்டி, வைத்தியர் எல்லாம் தயாராக இருந்த களத்தில்.

கூலிமிலேயே அட்டெக் பயிற்சிக் கழகமும் துவாங்கு சுல்தானா பாஹியா போலிடெக்னிக்கும் இருக்கின்றன. எஸ்பிஎம் முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், அடுத்த முறை கெடா பக்கம் போகும்போது கோயிலோடும் அருங்காட்சியகத்தோடும் திரும்பிவிடாதீர்கள். அந்த வாசல்களிலும் வண்டியை நிறுத்தி, என்னென்ன படிப்பு இருக்கிறது என்று பிள்ளையையே இறங்கிக் கேட்கச் சொல்லுங்கள்.