ஏர் இழுக்குது

தாராவி 90 அடி சாலையிலிருந்து பிரியும் சந்தின் முனையில் ஒரு வாட்டர் சர்வீஸ் கடை. நுரை பூசிய டாக்ஸி பாதி வேலையில் நிற்கிறது. கன்னிலிருந்து பீறிட்டு வரவேண்டிய தண்ணீர் விட்டு விட்டுத் துப்புகிறது. 30 கிலோவில் நிற்கவேண்டிய கேஜ் முள், பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவே ஆடுகிறது.

"பம்பு போச்சுடே. சீல் மாத்திரு" என்கிறார் கடைக்காரர்.

"இருங்க அண்ணாச்சி. முள்ளு ஆடுது பாத்தியளா? ஏர் இழுக்குது."

தோல் பதனிடும் வேலைக்கு இங்கே வந்த திருநெல்வேலிக்காரர்களின் வழிவந்த பேச்சு அது. சொன்ன பையனுக்கு இருபது வயது இருக்கலாம். மோட்டாரை நிறுத்துகிறான், பிளக்கைப் பிடுங்குகிறான், கன்னை ஒருமுறை அழுத்தி ஓஸில் தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றுகிறான். அதற்குப் பிறகுதான் ஸ்பேனரைத் தொடுகிறான்.

முதலில் நாசில். கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறான். துளையில் அடைப்பில்லை, தேய்ந்து அகலவும் இல்லை. நாசில் தேய்ந்தாலும் பெல்ட் நழுவினாலும் முள் தாழ்ந்து நிற்குமே தவிர, இப்படி ஆடாது.

அடுத்து நீல டிரம். குழாயில் தண்ணீர் வருவது சில மணி நேரம்தான்; பிடித்து வைத்ததில்தான் பகல் முழுக்கப் பிழைப்பு. அடி வண்டலும் சேர்ந்தே பம்புக்குப் போகிறது. உறிஞ்சு குழாயின் நுனிச் சல்லடையை வெளியே எடுக்கிறான். மணல், பாசி, பிளாஸ்டிக் துகள். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி மாட்டுகிறான். மோட்டார் ஓடுகிறது. முள் இருபதுக்கு ஏறுகிறது, ஆட்டம் நிற்கவில்லை.

மோட்டார் ஓடும்போதே சோப்பு நுரையைக் கையில் அள்ளி, உறிஞ்சு குழாய் பம்பில் சேரும் இடத்தில் அப்புகிறான். கிளிப்பின் அடியில் ஓரிடத்தில் மட்டும் நுரை மெல்ல உள்ளே போகிறது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. தண்ணீரோடு அந்த வழியே காற்றும் பம்புக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மறுபடி மோட்டாரை நிறுத்துகிறான். வெடித்த நுனியை இரண்டு விரல் அகலம் வெட்டி எறிந்து, குழாயை மறுபடி செருகி, கிளிப்பை முறுக்குகிறான். கன்னைத் திறந்தபடியே பம்பை ஓட விடுகிறான். குமிழிகள் தீர்ந்ததும் தண்ணீர் ஒரே சீராகப் பாய்கிறது. முள் முப்பதில் நிற்கிறது.

"அப்ப சீலு?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. இப்படியே ஏர் இழுத்து ஓடியிருந்தா கருகிருக்கும்."

அவன் சொன்னது சரி. பம்பின் சீலுக்குக் குளிர்ச்சியும் வழுவழுப்பும் தருவது அதன் வழியே ஓடும் தண்ணீர்தான். பிரஷர் குறைந்தால் தண்ணீர் வரும் வழியை முதலில் பாருங்கள். பம்பைக் கடைசியில் பிரியுங்கள். வால்வும் சீலும் வாங்கும் காசு பல நேரம் தேவைப்படாது.