வழியே வாழ்வானோர்

வீடு திரும்புதல்! எத்துணை இனிய சொல்! கழனியில் உழைத்துக் களைத்தவன் மாலையில் வீடு திரும்புகிறான். கடல் கடந்து பொருள் தேடியவன் ஆண்டு பல கழித்து வீடு திரும்புகிறான். ஊர் காணச் சென்ற குடும்பம் மூட்டை முடிச்சுகளோடு வீடு திரும்புகிறது. பூட்டைத் திறந்ததும் அடைபட்டுக் கிடந்த புழுக்கம் முகத்தில் அறைகிறது. ஆயினும், "அப்பாடா! என்ன இருந்தாலும் நம் வீடு போல ஆகுமா?" என்று வீட்டின் மூத்தவர் ஒருவர் சொல்லத்தான் செய்கிறார். அந்த ஒரு சொல்லில் பயணத்தின் அலுப்பெல்லாம் அடங்கிவிடுகிறது.

அந்த இன்பத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால் தோழர்களே, அதற்கு ஒரு விலை உண்டு. வீடு திரும்பும் இன்பம் பெற வேண்டுமானால், முதலில் வீடு என்று ஒன்று வேண்டும். அதில் தங்கி வாழ நாளும் வேண்டும். ஆண்டில் பல மாதங்களை வழியிலேயே கழிக்கும் குடும்பம் ஒன்று வீடு திரும்பும்போது, அது எதற்குத் திரும்புகிறது? எதை விட்டுவிட்டுத் திரும்புகிறது? சென்ற கோடை விடுமுறையில் இந்தக் கேள்வி நம் முன் வந்து நின்றது.

வேதாரணியத்திலிருந்து நம் குடும்பத்தார் பதின்மர் ஒரு வாடகை வேனில் புறப்பட்டோம். அப்பாயி முதல் ஆறு வயதுத் தம்பி மகன் வரை அனைவரும் ஏறினோம். அரிசி, பருப்பு, அடுப்பு, பாய், தலையணை எல்லாம் ஏறின. கீழைக் கடற்கரைச் சாலை வழியே தூத்துக்குடி, அங்கிருந்து குமரிமுனை, நெல்லை, மதுரை கண்டு, இராமநாதபுரம் வழியே மீண்டும் கடற்கரைச் சாலை. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். பத்து நாள் பயணம்.

முத்துப்பேட்டையைத் தாண்டியதும் வேன் நின்றது. சாலை நிறைய ஆடுகள்! வெள்ளையும் கறுப்புமாய், புழுதியைக் கிளப்பிக்கொண்டு, அலை அலையாய் நகர்ந்தன. முன்னே ஒருவர் கோலுடன் நடந்தார். பின்னே இரண்டு பெண்கள். ஒருத்தியின் தலையில் சட்டி பானை, மற்றவளின் கையில் அன்று பிறந்த குட்டி. அவர்களுக்கும் பின்னால், கடைசி ஆட்டையும் விட்டுவிடாமல் ஓட்டி வந்தாள் ஒரு சிறுமி. வயது பத்தோ பதினொன்றோ இருக்கும். நம் ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். சிறுமி திரும்பிப் பார்த்தாள். கோலை உயர்த்தி ஆடுகளை ஓரம் கட்டினாள். வேனுக்கு வழி விட்டாள். நாம் விரைந்தோம்.

அவர்கள் கீதாரிகள். தஞ்சைத் தரணியில் பிறந்தோருக்கு அறிமுகம் வேண்டியதில்லை, பிறருக்காகச் சொல்கிறோம். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகள் வானம் பார்த்த பூமி. அங்கே கோடையில் புல் கருகும், கண்மாய் வற்றும். காவிரிப் படுகையிலோ தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாய்க் கிடக்கும். தாளும் உண்டு, வரப்பில் புல்லும் உண்டு. எனவே ஆட்டுக்காரக் குடும்பங்கள் மந்தையோடு இங்கே வருகின்றன. பகலில் மேய்ச்சல், இரவில் ஒருவர் வயலில் மந்தையை மடக்கி வைப்பார்கள். அதுதான் கிடை. ஓர் இரவு முழுதும் பல நூறு ஆடுகளின் புழுக்கையும் சிறுநீரும் அந்த மண்ணில் சேரும். மறுநாள் அடுத்த வயல். கிடை வைத்ததற்கு நிலத்துக்காரர் கூலி தருவார். முன்பு நெல்லாய் அளந்தார்கள், இப்போது பணமாய்த் தருகிறார்கள். கூட்டத்தை நடத்திச் செல்லும் தலைவரே கீதாரி. வாய்க்காலில் நீர் வந்து வயல்கள் நிறையுமுன் அவர்கள் ஊர் நோக்கி நடக்கத் தொடங்குவார்கள். இரசாயன உரம் வருமுன் இவர்களே உழவனின் உரக் கிடங்கு. அது வந்த பின்னும் கிடை போட்ட வயலின் விளைச்சலை அறிந்த உழவர் இவர்களைத் தேடத்தான் செய்கிறார்கள்.

ஆக, நம் தட்டில் விழும் சோற்றில் அந்தச் சிறுமியின் உழைப்பும் இருக்கிறது. இதை நெஞ்சில் இருத்திக்கொண்டு மேலே வாருங்கள்.

மதுரையை அடைந்தபோது எட்டு நாள் ஆகியிருந்தது. மறுநாளே வீடு சேர்ந்துவிடலாம் என்றார் அப்பா. அப்பாயி குறுக்கிட்டார். "ஒம்பதாம் நாளு வீடு திரும்பக் கூடாதுடா. நம்ம குடும்பத்துல அந்த வழக்கமே இல்லை" என்றார்.

"அப்பாயி! வேதாரணியம் பேருந்து நாள்தோறும் வந்து திரும்புகிறதே, அதற்கு ஒன்பதாம் நாள் உண்டா?" என்று கேட்டோம்.

"பேருந்துக்குப் புள்ளைகுட்டி இருக்கா?" என்று திருப்பிக் கேட்டார் அவர். எல்லாரும் சிரித்தோம். வாதத்தில் தோற்றும் ஆணையில் வென்றார் அப்பாயி. ஒரு நாள் மதுரையிலேயே தங்கினோம். நம்பிக்கை வீணாக்கிய அந்த நாளை அறிவுக்குப் பயன்படுத்துவோம் என்று எண்ணி, குடும்பத்தையே கீழடிக்கு அழைத்துச் சென்றோம்.

2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அங்கே எழிலுற நிற்கிறது. பொன்னும் மணியும் கண்டு வியந்தவர்கள் பலர். நம்மை நிறுத்தியவை உடைந்த பானை ஓடுகள். கீழடி நாகரிகம் கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிக்கை வெளியிட்டது. தமிழி எழுத்துப் பொறித்த 56 ஓடுகள் கிடைத்ததை அதே அறிக்கை கூறிற்று. ஆதன் என்றும், குவிரன் என்றும் பெயர்கள்! அரசன் ஆணையிட்டுச் செதுக்கிய கல்வெட்டல்ல. சோறு ஆக்கும் பானையில் கீறிய பெயர். எழுத்து அரண்மனைக்குள் அடைபட்டுக் கிடக்காமல் அடுப்படி வரை வந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அதே மண்ணில் ஆட்டின் எலும்புகளும், மாட்டின் எலும்புகளும் கிடைத்துள்ளன. எழுத்தும் இருந்தது, மந்தையும் இருந்தது. ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்கு முன்! பெருமிதத்தால் நெஞ்சு விம்மிற்று.

அந்தப் பெருமிதம் மறுநாள் வரைதான் நீடித்தது.

பத்தாம் நாள் மீமிசலை நெருங்கினோம். சாலையோரத்தில் ஒரு பொட்டல், அதில் ஆடுகள். குட்டிகளைக் கவிழ்த்து மூடும் கூடுகள் இரண்டு; மூன்று கல் வைத்த அடுப்பு; அருகில் அதே சிறுமி. நாம் ஆயிரம் கிலோமீட்டர் சுற்றி வந்துவிட்டோம். அவர்கள் நூறு கிலோமீட்டரும் கடக்கவில்லை. தண்ணீர் வாங்கும் சாக்கில் வேனை நிறுத்தச் சொன்னோம்.

கீதாரியின் மனைவி முகமலர்ச்சியுடன் வரவேற்றார். முதுகுளத்தூர்ப் பக்கம் அவர்கள் ஊராம். "இன்னும் பத்து நாளு நடக்கணும் டீச்சரம்மா. குலசாமிக்குப் பொங்கல் வைக்கணும், அதான் முன்கூட்டியே கிளம்பிட்டோம்" என்றார்.

"ஊரில் எத்தனை நாள் இருப்பீர்கள்?"

"மழைக்காலம் முடியிற வரைக்கும். பொறவு தை பொறந்ததும் இங்கிட்டுத்தான். வீட்டைப் பூட்டிச் சாவியை மாமியாகிட்ட குடுத்துட்டு வந்துருவோம்."

சிறுமியை நோக்கி, "எந்த வகுப்பு?" என்று கேட்டோம். அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய் விடை சொன்னார்: "மூணாவது வரைக்கும் போனா. தம்பி ஊர்ல அப்பத்தாகிட்ட இருந்து படிக்கிறான். இவ இல்லாட்டி குட்டிகளை யாரு பாக்கிறது? ரெண்டு வருசத்துக்கு முந்தி உங்க பக்கத்துலதான் ஒரு பள்ளிக்கூடத்துல கேட்டுப் பாத்தோம். பழைய பள்ளிக்கூடத்துச் சீட்டு இருக்கான்னு கேட்டாங்க. இல்லைன்னோம். கொண்டாந்தா பாக்கலாம்னுட்டாங்க."

அந்தத் தாயின் குரலில் சினம் இல்லை. குறை கூட இல்லை. நடந்ததைச் சொன்னார்; அடுப்பில் சுள்ளியைத் தள்ளினார். சினம் கொள்ளும் உரிமை தமக்கு உண்டு என்பதையே அறியாதவரின் அமைதி அது. அதுதான் நம்மைச் சுட்டது!

உரிமை இல்லையா என்ன? இலவச, கட்டாயக் கல்விச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டது. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரை ஒவ்வொரு குழந்தைக்கும் அது உரிமை தருகிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால், அதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது. இடம்பெயரும் குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதை உறுதி செய்யும் கடமை உள்ளாட்சிக்கு உண்டு என்று, அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. வகுப்பைத் தவறவிட்ட பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் அமர்த்தி, தனிப் பயிற்சி தரவும் வழி காட்டுகிறது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது, தோழர்களே! ஏடு அலமாரியில் இருக்கிறது. அவள் ஆட்டின் பின்னே நடக்கிறாள்.

தம்பி படிக்கிறான், அக்காள் மேய்க்கிறாள். இதையும் கூர்ந்து நோக்குங்கள். வறுமை இருவருக்கும் பொது. ஆனால் விலை கொடுப்பவள் பெண். அந்தத் தாயைக் குறை கூறி நாம் தப்பிக்க முடியாது. இரு கைகளில் எட்டுக் கைகளின் வேலையைச் செய்பவர் அவர்.

வீடு வந்து சேர்ந்தோம். வேனின் சக்கரத்தடியில் எலுமிச்சை நசுங்கிற்று. அடுத்த வீட்டு அத்தை ஆரத்தி கரைத்து வந்து, கண்ணேறு கழித்து, தெருவில் ஊற்றினார். அம்மா முகம் கழுவியதும் அடுப்படிக்குள் நுழைந்தார். பத்துப் பேருக்கும் உலை ஏறிற்று. நமக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. உடனே சிந்தனையும் வந்தது. இருக்கையில் சாய்ந்தபடி ஊர் சுற்றி வந்த நமக்கு ஆரத்தி! வெயிலில் நடந்து, வயலுக்கு வளம் சேர்த்துத் திரும்புவோர்க்கு ஒலிப்பான் ஓசை! கண்ணேறு பட்டவர் யார்? சமூகத்தின் கண்ணே படாமல் கிடப்பவர் யார்?

நெடுவழி நடந்தோரைப் போற்றத் தெரியாத மக்களல்லர் நம்மவர். 1930 ஏப்ரல் 13இல் இராசாசி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள், 28ஆம் நாள் நம் வேதாரணியத்தை அடைந்தார்கள். 30ஆம் நாள் அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். அங்கே இன்று நினைவுத்தூண் நிற்கிறது. 1938 ஆகஸ்டு முதல் நாள் திருச்சியிலிருந்து கிளம்பிய தமிழர் பெரும்படை, செப்டம்பர் 11இல் சென்னை சேர்ந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அதில் நடந்தார். அந்த நடைகளை நாடு மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் ஆண்டுதோறும் நடக்கும் இந்த நடைக்குத் தூண் வேண்டாம், துணை வேண்டும். அதுவும் இல்லையே!

"நாடோடிகளுக்குப் படிப்பு எப்படிச் சாத்தியம்?" என்று கேட்போர் உளர். உலகைப் பாருங்கள். மங்கோலியாவின் புல்வெளிகளில் மந்தையோடு திரியும் மக்களின் பிள்ளைகளுக்காகக் கடந்த நூற்றாண்டிலேயே விடுதிப் பள்ளிகள் எழுந்தன. மேய்ப்பர் நாடு எழுத்தறிந்த நாடாயிற்று. நைசீரியா, நாடோடி மக்களின் கல்விக்கென்றே 1989இல் தனி ஆணையம் அமைத்தது. அவ்வளவு தொலைவு போவானேன்? நம் ஊரிலேயே சர்தார் வேதரத்தினம் 1946இல் கஸ்தூரிபாய் காந்தி கன்னியா குருகுலத்தைத் தொடங்கி, பெண்பிள்ளைகள் தங்கிப் பயில வழி செய்தார். பெண்ணுக்கு இடம் தந்து கற்பிப்பது இந்த மண்ணுக்குப் புதிய செய்தியல்ல.

இளைஞர்களே! கூட்டம் போட்டுப் பேசினோம், பேசுவோம். அதனோடு இந்தப் பணியும் நம் கையில் இருக்கிறது. எந்த வயலில் எந்தக் கிடை என்பது ஊரில் ஒவ்வோர் உழவனுக்கும் தெரியும். தை மாதத்தில் மந்தை வந்து இறங்கியதும், அங்குள்ள பிள்ளைகளின் பெயரையும் வயதையும் எழுதுங்கள். ஒரு நாள் மாலை போதும் அதற்கு. அந்தப் பட்டியலை ஊராட்சியிடம் கொடுத்து, சட்டம் சொன்ன கடமையைச் செய்யக் கேளுங்கள். சான்றிதழ் இல்லை என்று வாயில் சாத்தும் பள்ளிக்கு, அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உடன் செல்லுங்கள். ஆசிரியத் தோழர்களே! நான்கு மாதமே இருந்து போகும் பிள்ளைதானே என்று எண்ண வேண்டாம். நான்கு மாதத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்பிக்கலாம். என்ன படித்தாள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினால், அடுத்த ஊர்ப் பள்ளி அங்கிருந்து தொடரலாம். பெற்றோர் இசைந்தால், அவர்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசு விடுதியில் இடம் கேட்டு விண்ணப்பம் எழுதித் தரலாம். குட்டியைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று தாய் கேட்டால், கிடை வைத்துக்கொள்ளும் நிலத்துக்காரரிடம் கூலியை உயர்த்தச் சொல்லி வாதாடலாம். கூலி உயர்ந்தால் ஆள் கிடைப்பார். ஆள் கிடைத்தால் சிறுமி விடுபடுவாள்.

ஆடு மேய்ப்பது இழிவன்று. அறிந்து, விரும்பி, அத்தொழிலை ஏற்பவள் ஏற்கட்டும். கணக்குத் தெரிந்த கீதாரியை எந்த நிலத்துக்காரரும் ஏய்க்க முடியாது. ஆனால் வேறு வழியே காட்டப்படாமல் ஒருத்தி அதில் தள்ளப்படுவதை விதி என்று சொல்லாதீர்கள். விதி என்பது, செய்ய வேண்டியதைச் செய்யாதவர்கள் கட்டிய பெயர்.

2,600 ஆண்டுகளுக்கு முன் ஆதனும் குவிரனும் பானையில் தம் பெயரைக் கீறி வைத்தார்கள் என்று மார்தட்டுகிறோம். தட்டலாம். ஆனால் தை பிறந்து, கிடை வந்து, நம் வயலில் இறங்கும்போது, அந்தக் குடும்பத்தின் பெண்ணும் தன் பெயரைத் தானே எழுத வேண்டும். அதுவரை அந்த ஓடுகள் நமக்குப் பெருமையல்ல. நம்மிடம் நீட்டப்பட்ட கடன் சீட்டு.