கமான் பட்டை

நெய்வேலி நகரியம் கம்பெனி கட்டிய ஊர். 1956-இல் நிறுவனம் தோன்றி, 1957-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்த பிறகு செம்மண்ணில் எழுந்தது. அங்கே வேலை முடிந்தால் வீட்டையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். என் நண்பர் ஒருவருக்கு அந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மனிதரோ மூட்டை கட்டாமல் ஜீப்புக்கு அடியில் படுத்துக் கிடந்தார்!

காரணம் அவருடைய தாயார். எண்பத்து நான்கு வயது. இடுப்பு முறிந்து ஒட்டியவர். இனி குடித்தனம் பண்ருட்டிப் பக்கத்துப் பலாத்தோப்பில். கிழவியை உட்கார வைத்துக் கொண்டு போக முடியாது. பின்பக்கம் மெத்தை போட்டுச் சாய்த்துத்தான் ஆகவேண்டும். அந்தப் பின்பக்கமோ கல்லுரலைப் போலக் குதிக்கும். முன்பு வைத்திருந்தவர் பலாப்பழம் ஏற்றுவதற்காகக் கமானில் தடித்த பட்டைகள் இரண்டைச் சொருகியிருந்தார்.

"உருவிப் போட்டுவிட வேண்டியதுதானே?" என்றேன். பேனாவைத் தவிர வேறு கருவி பிடித்தறியாதவனுக்கு யோசனை சொல்வதில் என்ன சிரமம்?

"உருவினால் அம்மாவுக்கு சுகம்தான், சார். பழம் ஏற்றினால் அச்சு போய்ச் சட்டத்தில் இடிக்குமே! வருமானத்துக்கு வேறு வழி?"

பிறகு விளக்கினார். பட்டையின் தடிமனை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு ஏறுமாம்; எண்ணிக்கையை இரட்டித்தால் இரண்டே மடங்குதானாம். ஆகையால் மெல்லிய பட்டைகள் பலவற்றை அடுக்கி, அடியில் சற்று இடைவெளி விட்டுத் தடித்த பட்டை ஒன்றை வைத்தார். வண்டி இலேசாக இருக்கும்போது அது சும்மா இருக்கும். பாரம் ஏறிக் கமான் தணிந்தால்தான் மற்றவற்றோடு சேர்ந்து சுமக்கும். நம் வீடுகளிலும் இப்படி ஒரு மாமா இருப்பார்!

வேலை இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழைய மாட்டார். சட்டத்துக்கு இரும்பு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுப்பார். துருப்பிடித்த யூ போல்ட்டுகளை அறுத்தெறிந்து புதியவை போட்டார். பட்டைகளுக்கிடையே கிரீஸ் தடவினார். ரப்பர் புஷ் போல்ட்டுகளை மட்டும் இறுக்காமல் விட்டு வைத்தார். சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் பாரம் இறங்கிய பிறகே இறுக்க வேண்டுமாம். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியுமாம். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். பாதி தடவை வேறு அளவு.

வெள்ளோட்டத்துக்குத் தாயாரையே ஏற்றினார். மந்தாரக்குப்பம் வரை போய்த் திரும்பினோம். வேகத்தடை வரும்போதெல்லாம் நண்பர் சாலையைப் பார்க்காமல் கண்ணாடியில் அம்மாவின் முகத்தையே பார்த்தார். எனக்குத்தான் உயிர் போயிற்று. கிழவி உம்மென்று படுத்திருந்தாள். வீட்டு வாசலில் நிறுத்தியதும், "ஏண்டா, பலாப்பழம் நசுங்காதில்லே?" என்று கேட்டாள்.

மறுநாள் நண்பர் மூட்டை கட்ட ஆரம்பித்தார்.