இரண்டு புள்ளிகள்

பட்டாசு ஆலை விபத்துகளில் கணவரையோ மனைவியையோ இழந்தவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்புதவி அளிக்க நண்பர்கள் சிலர் முன்வந்தபோது, பெயர்களை ஒப்பிடும் வேலை என்னிடம் வந்தது. கையில் இரண்டு பட்டியல்கள். ஒன்று, பழைய எழுத்துருவில் அடித்துப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றப்பட்டது. மற்றது, ஊர் ஊராகச் சென்று கேட்டுப் புதிதாக அடித்தது. இரண்டிலும் உள்ள பெயர்களுக்கு உதவி. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகியபோது நாடே சிவகாசியைத் திரும்பிப் பார்த்தது. எங்கள் பட்டியலில் இருந்தவர்களோ, நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரி மட்டும் பெற்ற விபத்துகளைச் சேர்ந்தவர்கள்.

தேடுவதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷனைப் பயன்படுத்தினேன். 1968-இல் கென் தாம்சன் உரைத்தேடலுக்கென எழுதிக்காட்டிய முறையின் வழிவந்தது அது. அதில் சில குறிகள் தம்மைக் குறிப்பதில்லை. நட்சத்திரக்குறி, தனக்கு முன்னிருப்பது எத்தனை முறையும் வரலாம், வராமலும் போகலாம் என்கிறது. புள்ளியோ 'ஏதேனும் ஒரு குறி' என்று பொருள்படும். புள்ளியைப் புள்ளியாகவே கொள்ள வேண்டுமானால் முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு இடவேண்டும்.

இதை மறந்து, தலைப்பெழுத்தோடு 'சி.காசி' என்று தேடினேன். காசி எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவருக்கேனும் இருக்கும் பெயர். ஒருவர் வருவார் என்று காத்திருந்தேன். ஏறக்குறையப் பட்டியல் முழுவதும் வந்து நின்றது. புள்ளி இருந்த இடத்தில் 'வ' உட்கார்ந்துகொள்ள, முகவரியில் 'சிவகாசி' என்றிருந்த அத்தனை பேரும் பொருந்திவிட்டார்கள். தனியே சிரித்துக்கொண்டேன். ஒரு கோடு இட்டதும் சரியாயிற்று.

சிரிக்க முடியாதது பிறகு நேர்ந்தது. வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருவர். அவருடைய பெயர் 'பொ' என்ற எழுத்தில் தொடங்கும். முதல் பட்டியலில் அப்பெயர் இல்லை என்றது என் நிரல். நானும் 'இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்து யாருடைய கைப்பேசியிலிருந்தோ பேசினார். "தம்பி, எம் பேர எழுதுனத நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். இல்லேங்கிறாகளே?"

பட்டியலைத் திறந்து கண்ணால் தேடினேன். பெயர் அங்கேதான் இருந்தது.

யூனிகோடில் 'பொ'வை இரு வகையில் எழுதலாம். பகரத்துக்குப் பின் 'ொ' என்ற ஒரே குறி. அல்லது ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டு குறிகள். இரண்டும் ஒன்றே என்பது யூனிகோட் நெறி. திரையிலும் வேறுபாடு தெரியாது. ஆனால் நான் எழுதிய நிரல் குறிக்குக் குறி ஒப்பிட்டது. எழுத்துரு மாற்றத்தில் பிளந்து கிடந்த அவர் பெயர், சேர்த்தெழுதிய அதே பெயரோடு பொருந்தவில்லை. ஒப்பிடுமுன் இரண்டு பட்டியல்களையும் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கியிருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் விட்டுவிட்டேன்.

கருவியின் குறையும் உண்டு. பைத்தானின் வழக்கமான தேடல் நூலகத்தில் சொல்லெழுத்துகளை மட்டும் கேட்டால், 'சிவகாசி' ச, வக, ச என்று மூன்று துண்டாக வரும். மேல்விலங்கும் துணைக்காலும் அதன் கணக்கில் எழுத்தில் சேர்த்தியில்லை. 'விருதுநகர்' தன் கடைசிப் புள்ளியை இழந்து நிற்கும். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் வகுத்த பிறகும், ஓலை கிழியுமென்று எழுதுவோர் அதைக் குத்தாமல் விட்டார்கள் என்பார்கள். அன்று படிப்பவர் அறிந்து இட்டு வாசித்தார். நிரலுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அடுத்த ஞாயிறன்று நேரில் போனேன். அவர் ஊரில் பாதிப்பேர் பட்டாசு ஆபீசுக்குப் போகிறவர்கள். எவ்வளவு விளக்கியும், அவருக்கு ஒரே சந்தேகம்தான்: "அப்ப எம் பேருல ஏதும் தப்பா தம்பி?"

"இல்லம்மா. நான் தேடுனதுதான் தப்பு."

உதவி கிடைத்தது, ஒரு பருவம் தாமதமாக. அதற்குள் மகள் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கியிருந்தார்கள்.

இப்போது ஒப்பிடுமுன் இயல்பாக்கத் தவறுவதில்லை. அதன் பிறகும் நிரல் 'இல்லை' என்று ஒதுக்கும் பெயர்களைத் தாளில் அச்செடுத்து, ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்கிறோம்.