மணி அடிக்காத வீடு

31 ஆண்டுகள் மணியோசைக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவன் நான். காலையில் மணி அடித்தால் சபைகூடல்; பின்னர் அரைமணிக்கொரு பாடவேளை; இறுதி மணி அடித்தால் வீடு. ஆசிரியனாக இருந்தபோது அம்மணியைக் கேட்டு நடந்தேன். தலைமையாசிரியரான பின்னர் அதனை அடிக்கச் சொல்லி நடந்தேன். காலம் என்பது துண்டு துண்டாக நறுக்கி அடுக்கி வைக்கக்கூடிய பொருள் என்னும் எண்ணம் இவ்வாறுதான் என்னுள் வேரூன்றியது.

நான் பணியில் சேர்ந்த நாளில் மலேசிய அரசு ஊழியர் 55ஆம் வயதில் ஓய்வு பெற்றனர். அவ்வயது 2001இல் 56 ஆகவும், 2008இல் 58 ஆகவும், 2012இல் 60 ஆகவும் உயர்ந்தது. நானோ பழைய கணக்கையே மனத்தில் வைத்திருந்தேன். 55 நிறைந்ததும் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம் கேட்டவர்களிடம் மூன்று கூறினேன்: முதுமையுற்ற தாயைப் பேண வேண்டும்; மனைவிக்குத் துணையாக இருக்க வேண்டும்; வாங்கி அடுக்கிய நூல்களைப் படிக்க வேண்டும். வாயால் சொன்ன வரிசை அது. உள்ளத்தில் இருந்த வரிசை அதற்கு நேர்மாறானது.

பணி துறந்த முதல் வாரத்திலேயே, பயிற்சிக் கல்லூரியில் கற்ற பழக்கத்தால், மணிலா அட்டையொன்றில் வீட்டிற்கெனக் கால அட்டவணை வரைந்தேன். குடும்பத்திற்குப் பச்சை, வீட்டு வேலைக்கு நீலம், எனக்கே உரிய நேரத்திற்குச் சிவப்பு என மூன்று வண்ணங்கள். மனைவியையும் மறக்கவில்லை, மாலை 3 முதல் 4 வரை அவளுக்கு 'ஓய்வு' என்று எழுதியிருந்தேன். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய அதனை அவள் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"மூணு மணிக்குத்தாங்க மழை இருட்டிக்கிட்டு வரும். காயப்போட்ட துணியை யாரு எடுக்கிறது?"

அட்டவணை பத்து நாள்கூட நிலைக்கவில்லை. சிவப்பு நேரத்தில் நூலைத் திறந்தால் சமையல் வாயு தீர்ந்து போகும், மகள் பேரனைக் கொண்டுவந்து விட்டுச் செல்வாள், தொலைபேசி ஒலிக்கும். "ஓய்வாகத்தானே இருக்கிறீர்கள், ஐயா!" என்று தொடங்காத அழைப்பே இல்லை. சங்க மலருக்குக் கட்டுரை, கோயில் கணக்கு, பேச்சுப் போட்டிக்கு நடுவர் என ஒவ்வொன்றாக வந்தன. எதையும் நான் மறுக்கவில்லை. அழைப்பு வரும்போதெல்லாம் மீண்டும் தலைமையாசிரியராகிவிட்டது போன்ற மகிழ்ச்சி இருந்ததை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எஞ்சிய நேரத்தில் அடுப்படியை மேற்பார்வையிட்டேன். மசாலைப் புட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டினேன். பள்ளியில் பல ஆசிரியர்க்குப் பகிர்ந்தளித்த அறிவுரை முழுவதும் வீட்டில் ஒருத்தியின் தலைமேல் இறங்கியது.

ஒரு நாள் விடியற்காலை 4 மணிக்கு விழிப்பு வந்தது. அம்மாவின் அறையில் ஏதோ உருளும் ஓசை. என் தாய் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பெரட்டுக்குச் செல்வதற்காக அந்நேரத்தில் எழுந்து பழகிய உடல், 84 வயதில் நினைவு தளர்ந்த பின்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கட்டிலுக்கு அடியில் பால் வாளியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நேரமாச்சுப்பா. கிராணியார் பேரு கூப்பிட்டு முடிச்சிடுவாரு."

நான் அருகில் அமர்ந்து, பாடம் நடத்துவது போலத் தெளிவாக விளக்கினேன். "அம்மா, நீங்க வேலையை விட்டு முப்பது வருஷமாச்சு. தோட்டத்தையும் வித்துட்டாங்க. அங்கே இப்ப வீடுங்க கட்டியிருக்காங்க."

அம்மா என்னை அயலானைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அப்ப என் பேரு?" என்று கேட்டார். பிறகு சிறு பிள்ளைபோல் அழத் தொடங்கினார்.

அதற்குள் அடுக்களையிலிருந்து என் மனைவி வெந்நீர்க் குவளையுடன் வந்தாள். அம்மாவின் தோளை மெல்லத் தடவினாள். "மழை பெய்யுது அத்தை. இன்னிக்கு வெட்டு இல்லை. படுத்துக்குங்க" என்றாள்.

வெளியே ஒரு துளி மழையும் இல்லை. ஆயினும் அம்மாவின் முகம் தெளிந்தது. "மரமெல்லாம் நனைஞ்சிருக்கும்" என்று சொல்லியவாறே வெந்நீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். பட்டை நனைந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். ஆதலால் மழைநாளில் வெட்டு இல்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாத செய்தியன்று. தெரிந்திருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

"எத்தனை நாளாக இப்படி?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமாச்சுங்க. தினமும் மழைதான்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"நீங்க அஞ்சரைக்கு எழுந்து பள்ளிக்கூடம் போகணுமே."

அன்று பொழுது விடிந்ததும் அட்டவணையின் முன் நின்று பார்த்தேன். அது காலை 6 மணிக்குத் தொடங்கியது. அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்திற்கு அதில் கட்டமே இல்லை. அட்டையைக் கழற்றி மடித்து வைத்தேன்.

அன்றுமுதல் 4 மணி என் பொறுப்பாயிற்று. முதல் நாள் நான் மழை என்றதும், "நெசமாவா?" என்று அம்மா கேட்டார். "நெசந்தாம்மா, நல்ல மழை" என்றேன். திருக்குறளில் வாய்மை என்னும் 30ஆம் அதிகாரத்தைப் பலமுறை நடத்தியவன் நான். நன்மையே விளைக்கும் பொய்க்கு வள்ளுவர் அங்கே இடமளித்திருப்பதைத் தேர்வில் வினாவாகவும் கேட்டிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

மனைவியோ அன்று ஆறரை வரை உறங்கிவிட்டாள். விழித்ததும் பதறிக்கொண்டு அம்மாவின் அறைக்கு ஓடிவந்தாள். அவள் இவ்வாறு உறங்கி எத்தனை காலமாயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்கும் துணிவு வரவில்லை.

இதில் நான் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. அம்மா பெரும்பாலும் நாலரைக்குள் உறங்கிவிடுவார். அதன்பின் பொழுது விடியும்வரை தொலைபேசி ஒலிப்பதில்லை, யாரும் அழைப்பதில்லை. கூடத்து விளக்கடியில் அமர்ந்து படிக்கிறேன். சிவப்பு மையால் கட்டம் கட்டியும் கிட்டாத நேரம், கடமையொன்றை ஏற்றுக்கொண்ட பின்னர் அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தது. எல்லா நாளும் அவ்வாறு அமைவதில்லை. சில நாள் அம்மா உறங்க மறுப்பார். நூல் திறக்கப்படாமலே பொழுது விடியும். ஒரு நாள், "இப்படித் தினமும் மழை பேஞ்சா கூலிக்கு என்னப்பா செய்யறது?" என்று கவலைப்பட்டார். "எனக்குச் சம்பளம் வருதும்மா" என்று சொல்லித் தேற்றினேன்.

பிற்பகலில் வானம் இருண்டால் கொடியிலுள்ள துணியை எடுப்பதும் இப்போது என் வேலை. சங்கங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றிலிருந்து விலகினேன். அடுப்படி மேற்பார்வை நின்றுவிட்டது. அதில் என் மனைவிக்கு மிகுந்த நிம்மதி.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். விருப்ப ஓய்வுப் படிவத்தில் கையெழுத்திடும் முன், வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுகின்றனர், எத்தனை மணிக்குப் படுக்கின்றனர் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். அட்டவணையைப் பிறகு வரையலாம். மாணவச் செல்வங்கள் அதற்கு ஓய்வு பெறும் வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலை மழை இருட்டும்போது கொடியருகே சென்றாலே போதும்.