யார் மதமும் கேட்காத நிழல்... அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு ஒரு பயணம்!

ஸ்பெயினின் தெற்கே, பனி படர்ந்த சியரா நெவாடா மலைகளின் பின்னணியில், கிரனாடா நகரைப் பார்த்தபடி ஒரு குன்றின் மேல் நிற்கிறது அல்ஹம்ப்ரா. அரபு மொழியில் 'சிவந்தது' என்று பொருள். செம்மண் நிறச் சுவர்களைப் பார்த்தாலே பெயர்க் காரணம் புரிந்துவிடும். நாஸ்ரித் வம்சத்தின் முதல் சுல்தான் 1238-ல் கட்டத் தொடங்கியது இது.

வெளியே முரட்டுக் கோட்டை. உள்ளேயோ சுவரில் விரல் வைக்க இடமில்லாத அளவுக்கு வேலைப்பாடு! கீழ்ப்பகுதியில் வண்ண டைல்ஸ், அதற்கு மேல் சுதையில் பூக்கொடிகளும் அரபு எழுத்துகளும், தலைக்கு மேல் மரக்கூரை. 'வெற்றி இறைவனுக்கே' என்ற கருத்துள்ள வாசகம் திரும்பிய பக்கமெல்லாம் கண்ணில் படுகிறது. சிங்க முற்றத்தில் 12 கல் சிங்கங்கள் நீரூற்றைத் தாங்குகின்றன. சுற்றிலும் 124 தூண்கள். தூதர்கள் மண்டபத்தின் கூரை 8,000-க்கும் அதிகமான மரத்துண்டுகளால் ஆனது. அண்ணாந்து பார்த்தால் நட்சத்திரங்கள் நிறைந்த ஏழு வானங்கள்!

அழகுக்கு நடுவே ஒரு வலி

1492 ஜனவரியில் கடைசி சுல்தான், கத்தோலிக்க அரசி இசபெல்லாவிடமும் அரசர் ஃபெர்டினாண்டிடமும் கிரனாடாவை ஒப்படைத்தார். அதே ஆண்டு மார்ச் 31 அன்று, யூதர்கள் மதம் மாற வேண்டும் அல்லது நாட்டை விட்டே போக வேண்டும் என்ற ஆணை கையெழுத்தானது. எங்கே தெரியுமா? இதே அல்ஹம்ப்ராவில்தான். சில ஆண்டுகளில் முஸ்லிம்களுக்கும் அதே கதி.

லாகூரிலிருந்து வந்த பெண்

2011-ல் இங்கே வந்தார், பாகிஸ்தானில் பிறந்து அமெரிக்காவில் வாழும் ஓவியர் அனிலா கய்யூம் ஆகா. லாகூரில் அவர் வளர்ந்த காலத்தில் பெண்கள் வீட்டிலேயே தொழுவார்கள். மசூதியின் அழகும் அங்கே கூடும் கூட்டமும் ஆண்களுக்கே. அல்ஹம்ப்ராவிலோ அந்த அழகின் நடுவில் அவரும் நின்றார். 'நீ இங்கே வரலாமா?' என்று கேட்க யாருமில்லை.

அந்த உணர்வுதான் 'இன்டர்செக்‌ஷன்ஸ்' என்ற கலைப்படைப்பானது. ஆறரை அடி மரப்பெட்டி ஒன்று அந்தரத்தில் தொங்கும். அதன் பக்கங்களில் அல்ஹம்ப்ராவின் வடிவங்கள் லேசரால் வெட்டப்பட்டிருக்கும். உள்ளே ஒரே ஒரு விளக்கு. அதை ஏற்றியதும் சுவர், தரை, கூரை எங்கும் பூக்கோலமாக நிழல் விரியும். உள்ளே வருபவரின் முகத்திலும் சட்டையிலும் அதே கோலம்தான். எந்த மதம், ஆணா பெண்ணா என்று நிழல் பார்ப்பதில்லை. 2014-ல் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் நடந்த 'ஆர்ட்பிரைஸ்' போட்டியில் மக்கள் வாக்களித்த முதல் பரிசு இதற்கே. நடுவர்களின் முதல் பரிசையும் இன்னொரு படைப்போடு பகிர்ந்துகொண்டது.

ஒரு காலத்தில், யார் இருக்கலாம், யார் போக வேண்டும் என்று ஆணையிட்ட அரண்மனை அல்ஹம்ப்ரா. இன்று அதன் சுவர்க்கோலம், வருகிற எல்லோர் மேலும் விழுகிறது.

போகிறவர்கள் கவனத்துக்கு: நாஸ்ரித் அரண்மனைகளுக்கு டிக்கெட்டில் குறித்த நேரத்தில் மட்டுமே அனுமதி. ஆன்லைனில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள்!